தெல்தோட்டை இறக்கத்துக்கு ஒரு பிரேக்

அத்தை, நேற்றுக் காலை கலஹாவைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது அந்த வாசனை வந்தது. சூடான இரும்பும் கருகிய ரப்பரும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்கிற அதே வாசனை. வளைவில் ஒரு வேன் ஓரமாக நின்றது. மேலேயிருந்து இறங்கி வந்த வேன். முன் சக்கரத்திலிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்த குடும்பம் முழுவதும் இறங்கி, ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் மட்டும் தண்ணீர்ப் போத்தலோடு சக்கரத்தின் பக்கத்தில் நின்றார். ஊற்றிவிடாதீர்கள், தானாக ஆறட்டும் என்று சொல்வதற்காக நானும் காரை நிறுத்தினேன்.

அவர் என் காரின் சக்கரங்களைக் குனிந்து பார்த்தார். இந்தச் சின்னக் காருக்கு இவ்வளவு பெரிய டிஸ்க்கா என்று ஆச்சரியப்பட்டார். பிறகு, பிரேக்கை இப்படி மாற்றியது செலவுக்குப் பெறுமதியா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அத்தை, சிரிப்புத்தான் வந்தது. நிறுத்தவே முடியவில்லை. இறக்கத்தில் பிரேக் போய் நிற்கிற மனிதரிடம் ஒருத்தி இப்படிச் சிரித்தால் என்ன நினைப்பார்? ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். உங்களைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. இன்னும் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு தெல்தோட்டைக்கு நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். குண்டசாலையிலிருந்து புறப்படும்போது இப்போது இடது பக்க சீட்டில் என் கைப்பைதான் உட்கார்ந்து வருகிறது. அது எதையும் குறை சொல்வதில்லை. நீங்கள் இருந்தபோது அந்த சீட்டில் இருந்து எத்தனை உத்தரவு வரும். மெதுவாகப் போ, அந்த லொறிக்கு வழி விடு, கண்ணாடியை ஏற்று, இறக்கு. உங்கள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிற நினைப்பில் நீங்கள் மிதிக்காத வளைவே கிடையாது. நான் ஒரு தடவை மிதிப்பதற்குள் நீங்கள் மூன்று தடவை மிதித்திருப்பீர்கள்.

அப்போது நாம் போனது எதற்காக? நீங்கள் உங்கள் அக்காவோடு கரம் விளையாட. வெளியில் யாரிடமும் நீங்கள் அப்படிச் சொன்னதில்லை, அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் சொல்வீர்கள். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெரியத்தை கரம் போர்டைத் துடைத்துப் பவுடர் போட்டு வைத்திருப்பார். பிறகு மாலைவரை இரண்டு பேருக்கும் சண்டை. சிவப்புக் காயை யார் எடுத்தது, யார் விரலை முன்னால் நகர்த்தியது, யார் பதினைந்து வயதிலேயே கள்ளம் பண்ணியது. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு மூலையில் தூங்கிப்போவேன். பெரியத்தை கீழே இறங்கி வருகிற பேச்சே இல்லை. வாகனம் என்றால் உங்களைவிடப் பயம் அவருக்கு. கல்யாணமாகித் தெல்தோட்டைக்குப் போனவர் பிறகு அந்த மலையை விட்டு இறங்கவேயில்லை. கண்டி என்பது அவருக்கு ஏதோ கடல் கடந்த ஊர். ஆகவே நீங்கள் போனால்தான் உண்டு.

அப்படிப் போய்விட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வாசனையை முதலில் பிடித்தோம். பின் சீட் நிறையப் பெரியத்தை ஏற்றிவிட்ட பலாக்காயும் வாழைக்குலையும். பாதி இறக்கத்தில் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. மறுபடி மிதித்தேன், இன்னும் உள்ளே போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, தேயிலைப் பக்கத்து மண்மேட்டில் காரை உரசி நிறுத்தினேன். புகை வந்தது. நீங்கள் கதவைத் திறந்தீர்கள், சேலையை உதறினீர்கள், கைப்பையைக் கக்கத்தில் இடுக்கினீர்கள்.

"நீ வா புள்ள. நான் நடந்தே போறேன்" என்றீர்கள்.

சூடு ஆறிய பிறகு நான் உங்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்தேன். நீங்கள் முன்னால், நடுரோட்டில், தலையை நிமிர்த்திக்கொண்டு. நான் பின்னால், நாலு பக்கமும் விளக்கு மின்னிக்கொண்டு, வாழைக்குலை சகிதம். தோட்டத்து லயத்து வாசலில் நின்றவர்கள் பெரஹரா ஊர்வலம் பார்ப்பது போல வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் கும்பிடக்கூடச் செய்தார். சந்தியில் பஸ் ஏறினீர்கள், கண்டிவரை வாந்தி எடுத்தீர்கள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, இனித் தெல்தோட்டைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று அறிவித்தீர்கள்.

கோபத்தில் சொல்வது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அடுத்த முறை போகிற ஞாயிறு வந்தது, நீங்கள் அசையவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே. பஸ்ஸில் போக வயிறு விடாது, த்ரீவீலில் போக முதுகு விடாது, கார் என்றால் மனம் விடாது. போனில் பேசலாம் என்றால் பெரியத்தைக்குக் காது மந்தம். நீங்கள் கத்துவது அவருக்குக் கேட்காமல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. பிறகு கத்துவதையும் விட்டுவிட்டீர்கள்.

எனக்குப் பயம் பிடித்தது எப்போது தெரியுமா? ஒரு நாள் நான் வைத்த சாம்பாரில் உப்பு இரண்டு மடங்கு விழுந்துவிட்டது. நீங்கள் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனீர்கள். ஒரு வார்த்தை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து என் சமையலில் குறை காணாமல் நீங்கள் கை கழுவியதே இல்லை. அன்றிரவு உங்கள் மகனிடம் சொன்னேன், அம்மாவை எப்படியாவது தெல்தோட்டைக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கிழவிகளும் ஆளுக்கொரு மலையில் வாடிப்போவார்கள் என்று. கிழவி என்று சொன்னதற்கு இப்போது மன்னித்துக்கொள்ளுங்கள்.

குண்டசாலையில் கராஜ் வைத்திருக்கிற முஸ்லிம் நானாவிடம் காரைக் காட்டினேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவர் சிரித்தார். உங்கள் மகன் மலிவாக இருக்கிறதென்று எங்கோ வாங்கிப் போட்ட பிரேக் பேட் கருகிப் போயிருந்தது. பிரேக் ஒயிலைக் கார் வாங்கிய நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. அது பழசானால் தண்ணீர் இழுத்து, சூட்டில் கொதித்து, மிதி இப்படிப் பஞ்சாகிவிடுமாம். பெரிய பிரேக் போட வேண்டுமா என்று கேட்டேன். நானா வியாபாரி, ஆனால் நேர்மையான மனிதர்.

"தங்கச்சி, உள்ளத சொல்றன். நல்ல பேட் போட்டு, ஒயில மாத்தி, இறக்கத்துல சின்ன கியர்ல வந்தா இந்த பிரேக்கே போதும். பெருசு போட்டா காசுதான் சும்மா போகும்."

அதோடு காரை நிறுத்துவது கடைசியில் டயர்தான், டிஸ்க் எவ்வளவு பெரிதானாலும் தேய்ந்த டயர் வழுக்கத்தான் செய்யும் என்றும் விளக்கினார். நீளமான இறக்கத்தில் சூடு தாங்குவதற்குப் பெரியது நல்லதுதான், ஆனால் அதை மாட்டப் போனால் பழைய ரிம்முக்குள் அடங்காது, ரிம்மும் மாற்ற வேண்டும், ரிம் மாற்றினால் டயரும் மாற்ற வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வரும். சந்தோஷமாக வீட்டுக்கு வந்து இதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. கழுவித் துடைத்து மாட்டினால் அது புது பிரேக்கா என்றீர்கள். உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றீர்கள்.

நீங்கள் கராஜுக்கு வந்த நாள் இன்னும் அங்கே பேச்சாக இருக்கிறது. நானா கதிரை போட்டுக் கொடுத்தார். நீங்கள் உட்காராமல் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, பழைய டிஸ்க்கைக் கையில் கொடுக்கச் சொன்னீர்கள். பிறகு மூலையில் கிடந்த பெரிய டிஸ்க்கைக் காட்டி, அது யாருடையது என்று கேட்டீர்கள். ஜப்பானில் இருந்து வந்த பழைய சாமான், இதே காரின் பெரிய மாதிரிக்குப் போடுவது என்றார் நானா.

"இது சட்டி மூடி. அது தோசைக்கல்லு. எது சூடு தாங்கும்னு எனக்கு சொல்லித் தரவா போறீங்க?" என்றீர்கள்.

நானா தலையை ஆட்டினார். ஏனென்றால் சூடு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான். தேவையா என்பதுதான் கேள்வி. வீட்டில் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் பெரிய வழக்கு நடந்தது. இந்தக் காரே பழசு, விற்கப் போனால் பிரேக்குக்காக யாரும் ஒரு சதம் கூட்டித் தரமாட்டார்கள் என்று உங்கள் மகன் வாதாடினார். கார் ஓடுவதற்காகத்தான் வாங்கியது என்றார். நிறுத்துவதற்கும் சேர்த்துத்தானே வாங்கினாய் என்று கேட்டுவிட்டு நீங்கள் ரசத்தை ஊற்றிக்கொண்டீர்கள். அவர் சொன்ன கணக்கு முழுவதும் சரி. நானா சொன்னதும் சரி. எனக்கு அது தெரியும். ஆனால் நல்ல பேட்டையும் புது ஒயிலையும் உங்கள் கண்ணுக்குக் காட்ட முடியாது, தோசைக்கல்லைக் காட்டலாம். வாஷிங் மெஷின் வாங்குவதற்கு என்று நான் வேலை செய்கிற கிளினிக்கில் கிடைத்த போனஸை வைத்திருந்தேன். அதை நானாவிடம் கொடுத்தேன். துணியைக் கையால் துவைத்தால் என்ன, உங்களுக்கும் எனக்கும் சேர்த்து நாலு கை இருக்கிறதே என்றீர்கள். பிறகு ஒரு வருஷம், ஒவ்வொரு போர்வைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே துவைத்தீர்கள்.

கார் திரும்பி வந்தது ஆயுத பூசைக்கு முதல் நாள். புது ரிம்மின் இடைவெளிகளுக்குள்ளால் நாலு டிஸ்க்கும் வெள்ளித்தட்டாக மின்னின. நீங்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தீர்கள். பூசையன்று வழக்கம்போல வீட்டிலிருந்த ஆயுதங்களெல்லாம் முற்றத்துக்கு வந்தன. அரிவாள்மணை, தேங்காய் துருவி, உங்கள் தையல் மெஷின், உங்கள் மகன் வருஷத்தில் ஒரு தடவை தொடுகிற ஸ்பேனர் பெட்டி. எல்லாவற்றையும் துடைத்து, துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி, சந்தனமும் குங்குமமும் வைப்பது நீங்கள் பிறந்த வீட்டு வழக்கம். நான் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வெளியில் காருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றுதான் நினைத்தேன்.

கற்பூரம் காட்டினோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தீர்கள். நான் ஏறி உட்கார்ந்து, பழத்தை நசுக்கிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினேன். அந்த ஒழுங்கை பிரதான ரோட்டை நோக்கிச் சரிவாகப் போகிறது. ரோட்டுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். கார் மரியாதையாக, அவசரமே இல்லாமல், தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அதற்கும் அது கவலைப்படவில்லை. கடைசியில் மதில் கட்டிக்கொண்டிருந்த சிங்கள அயலவர் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் மூக்கைச் சொருகி நின்றது. மாலைகூடக் கழலவில்லை. அந்த மனிதர் வெளியே வந்து, மணலைப் பார்த்து, பூமாலையைப் பார்த்து, இது உங்கள் பூசையில் ஒரு பகுதியா என்று மிகப் பண்போடு விசாரித்தார்.

நானா வந்து சக்கரத்தருகே குந்தினார். விரலை உள்ளே விட்டுத் தடவி, மோந்து பார்த்தார். டிஸ்க்கின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வட்டமாக இருந்தன. மற்ற இடமெல்லாம் நல்லெண்ணெய். பழைய துணியில் நனைத்து, ரிம்முக்குள் கையை விட்டு, நாலு டிஸ்க்குக்கும் ஒரு இடம் விடாமல் பூசியிருந்தீர்கள். இரும்புக்கு எண்ணெய் வைக்காமல் பூசை எப்படி நிறைவேறும்?

"அம்மா, உலகத்துல எல்லா இரும்புக்கும் எண்ணெய் வைங்க. இதுக்கு மட்டும் வேணாம்" என்றார் நானா. சிரிப்பை அடக்கி அடக்கி அவர் தாடி ஆடிக்கொண்டிருந்தது.

பேட் எண்ணெயைக் குடித்துவிட்டது, புதுப் பேட் திரும்பவும் வாங்க வேண்டும் என்றார். உங்கள் மகன் சுண்டலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். நீங்கள் அறைக்குள் போனீர்கள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம். புது பிரேக்கிலும் கார் நிற்கவில்லை என்பதை நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். இனி யார் சொல்லி உங்களைக் காரில் ஏற்றுவது? அக்காவை இனிப் பார்க்கப்போவதே இல்லை என்று அன்றைக்கு நிச்சயமாகிவிட்டதாக எனக்குத் தோன்றியது. கதவுக்கு வெளியே நின்று கூப்பிடவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, நான் வேலைக்குப் புறப்படுகிற நேரம், நீங்கள் வாசலுக்கு வந்தீர்கள். பேட் மாட்டியாகிவிட்டதா என்று கேட்டீர்கள். ஆகிவிட்டது என்றேன்.

"என் கை பட்டதுனாலதானே நிக்கல. அப்ப என் கை படாட்டி நிக்கும். ஞாயித்துக்கிழம போவமா?"

அத்தை, அந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். நானா படித்துப் படித்துச் சொன்னது உங்களுக்கு ஏறவில்லை, உங்கள் எண்ணெய்த் துணி ஒரு நிமிஷத்தில் புரியவைத்துவிட்டது. ஏன் நிற்கவில்லை என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடுமாக்கும். அந்த ஞாயிறு திரும்பி வரும்போது அதே இறக்கத்தில் உங்கள் காலைப் பார்த்தேன். மிதிக்கவில்லை. பெரியத்தை எப்படிக் கள்ளம் பண்ணினார் என்பதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள், கலஹா போனதும் தெரியவில்லை, பேராதனை வந்ததும் தெரியவில்லை. அடுத்த நாள் என் குழம்பில் புளி போதாது என்றீர்கள். நான் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்த ஞாயிறுகளை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மனம் விட்டுப் பேச அந்தக் காரைப் போல ஒரு இடம் நமக்கு வீட்டில் இருக்கவில்லை. வீட்டில் நீங்கள் மாமியார், நான் மருமகள். இறக்கத்தில் இரண்டு பெண்கள். உங்கள் மகன் சின்ன வயதில் எதற்கெல்லாம் அழுவார் என்று சொன்னதும், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் யாரை அடித்தீர்கள் என்று சொன்னதும் அங்கேதான். அந்தப் பெரிய பிரேக் இல்லாமல், வெறும் நல்ல பேட்டும் புது ஒயிலும் போட்டிருந்தாலும் கார் அதே இடத்தில்தான் நின்றிருக்கும். நானா இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார். டவுனுக்குள் ஓட்டும்போது எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிவதில்லை. அந்த வேன்காரரிடம் நான் உண்மையாகச் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். உங்கள் மாமியார் கூட வருகிறாரா என்று அவரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நான் போனபோது கரம் போர்ட் சுவரில் சாய்ந்திருந்தது. பெரியத்தை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல சேலை, தலையில் பூ, காலடியில் ஒரு துணிப்பை. உங்கள் இறுதிக் காரியத்துக்கு வண்டி அனுப்பியும் ஏற மறுத்தவர். அதற்குப் பிறகு உங்கள் பெயரைச் சொன்னாலே பேச்சை மாற்றிவிடுவார். நான் வாயைத் திறப்பதற்குள், இந்தக் காரில்தானே அவள் வருவாள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். எண்ணெய் கிண்ணெய் ஒன்றும் பூசவில்லையே என்றார். இல்லை என்றேன். எழுந்து நின்றார்.

முட்டியைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார வெகுநேரம் எடுத்தது. நான் பெல்ட்டைப் போட்டுவிட்டேன். இறக்கம் முழுவதும் சின்ன கியரில், ஆட்டம் இல்லாமல் கொண்டுவந்தேன். இப்படி நான் வாழ்க்கையில் கார் ஓட்டியதில்லை. அவர் கையால் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஊரின் பெயரையும் கேட்டுக்கொண்டு வந்தார். கண்டி வாவியைக் கண்டதும் இதுதானா என்றார். மகாவலியைத் தாண்டினோம். குண்டசாலையில் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, வந்துவிட்டோம் என்று காதருகே சத்தமாகச் சொன்னேன்.

அவர் இறங்கவில்லை. வாசலை, உங்கள் துணிக்கொடியை, நீங்கள் வைத்த செவ்வரத்தை மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவ இவ்வளவு கிட்டத்துலயா இருந்தா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். கையைப் பிடித்து இறக்கி, உள்ளே கூட்டிப்போய், உங்கள் கட்டிலில் உட்கார வைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டில், இந்த வீட்டுத் தண்ணீருக்கு ருசியே இல்லை என்றார். உங்கள் மகன் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். இதை எழுதும்போது பெரியத்தை உங்கள் தலையணையில் தூங்கிக்கொண்டிருக்கிறார், அத்தை. அடுத்த ஞாயிறு வரை ஒரு கிழமை இருப்பாராம். பிறகு திரும்பக் கொண்டுபோய் விடவேண்டுமாம். அடுத்த மாதம் மறுபடி வந்து ஏற்றவேண்டுமாம்.